கயிற்றின் மறுமுனையில் நான்

இன்று செக்காலைப் பகுதியில் ஒரு வீட்டு வேப்பமரத்தில் பட்டுப்போன கிளையை வெட்டப் போனேன். மரமேறும் பெல்ட் என் தொப்பையைச் சுற்றி வரவில்லை.

"மூச்ச இழுங்கப்பா" என்று மகள்தான் இறுக்கிப் பூட்டினாள். வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நான் பாதி மரம் ஏறியதும், கீழே என் பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளிடம் அவர் ஆரம்பித்தார்.

"டிகிரி படிச்ச புள்ளைக்கு இதா வேலை? ஆபீஸ் வேலைக்குப் போ ஆத்தா. அந்தக் கயித்த விட்டுட்டு இங்குட்டு வந்து உக்காரு."

கயிற்றை விடுவதா? மறுமுனையில் தொங்குவது நானய்யா!

அவள் என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. "விட்டா எங்கப்பா விழுந்துருவாக."

இறங்கியதும் கேட்டுவிட்டேன்: "புத்தி சொல்றதுக்கு என் உசுருதான் கெடச்சுச்சா? நான் இறங்குறவரைக்கும் பொறுக்க மாட்டீகளா?"

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. காலையில் வண்டியில் வரும்போது நானும் அவளிடம் அதே ஆபீஸ் வேலையைப் பற்றித்தான் ஓதிக்கொண்டு வந்தேன்.