கனவில் மட்டும் அரக்கு

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு நாள் காலை, என் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் இல்லை. எல்லோருக்கும் போவதுபோல வெளிர் மஞ்சளாக இருந்தது. குளியலறையில் நின்றபடியே முருகா என்று கைகூப்பினேன். நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் முக்கிய மருந்து) உள்ளே போகும்வரை சிறுநீர் ஆரஞ்சாகத்தான் போகும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லித்தான் அனுப்புவார்கள். அன்றைக்கும் அது ஆரஞ்சாகத்தான் போயிருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

திருத்தணி பஜாரில் நான் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ், நூல்கண்டு. புடவையைக் கொண்டுவந்து விரித்தால் அதற்குப் பொருத்தமான துணியை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பச்சையில் மட்டும் கிளிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை என்று தனித்தனி அடுக்கு. நகரி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் கேட்பார்கள். எந்த மொழியில் கேட்டாலும் கை தானாகப் போய் நிற்கும்.

டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். அதனால் எந்தக் கடையிலும் துணியைத் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். என் கடையில் அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. சுமதி எடுத்துக் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நோய் கழுத்தில் வந்தது. நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. ஊசியால் நீர் எடுத்துப் பார்த்து, நிணநீர்க்கணுவில் (கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் சிறு முடிச்சு) காசநோய் என்றார்கள். இது இருமலில் பரவுவதில்லை என்று டாக்டர் சொல்லியும், பஜாரில் ஒருவரிடமும் நான் மூச்சு விடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்களோ என்ற பயம்தான்.

மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் அக்கா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு நாள் கூட உடக்கூடாது சுமதி. நடுவுல உட்டா மறுபடியும் வரும். அப்பறம் மருந்து கேக்காது." நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

நிறம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் சிவப்பெல்லாம் பலமுறை துவைத்தது போல ஆயிற்று. பிறகு பச்சை மங்கியது. டியூப்லைட்டை மாற்றினேன். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று மாற்றினேன். எலக்ட்ரீஷியனிடம், மட்டமான லைட்டை என் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டை போட்டேன். பாவம், அவர் மூன்றாவதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

கண்ணைச் சந்தேகப்படாததற்கு ஒரு காரணம் இருந்தது. கனவு.

மாத்திரை தரும் அசதியில் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்குள்ளேயே பாய் போட்டுப் படுத்துவிடுவேன். கண் செருகியதும் முருகன் கோயில் மலைப்படி வரும். படிக்கு ஒன்றாகப் பிளவுஸ் பிட் விரித்திருக்கும். கால் வைக்காமல் ஓரமாக ஏறிக்கொண்டே ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வேன். மாம்பழம், வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல். அரக்கு (கருஞ்சிவப்பு) வரும் படியில் நின்றுவிடுவேன். அவ்வளவு நிறைவான அரக்கை நான் கடையில்கூட வைத்திருந்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது விழிப்பு வரும். எழுந்தால் அடுக்குகளெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

தூக்கத்தில் இத்தனை நிறம் பார்க்கிற கண் எப்படிக் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே வாதாடினேன்.

என் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அத்தை மகன்தான், பாவா என்றே கூப்பிடுவேன். ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"பாவா, உங்களுக்குக் கனவு கலர்ல வருதா, கருப்பு வெள்ளையா?"

"வந்தா பஸ்தான் வருது. நான் டிக்கெட் குடுத்துகினே கீறேன். கலர் யாரு பாத்தா?" என்றார். பிறகு பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏன் கேக்கற?" என்றார். சும்மா என்றேன்.

கண் சரியில்லை என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் கட்டி திரும்ப வரும். சொல்லாவிட்டால் நிறம் போகும். இரண்டில் உயிர்தானே பெரிது என்று வாயை மூடிக்கொண்டேன். எந்த அடுக்கில் எந்த நிறம் என்பது மனப்பாடம். அந்த மனப்பாடத்தை வைத்து ஒரு மாதம் கடை நடத்தினேன்.

கனகம்மாசத்திரத்திலிருந்து வருகிற வசந்தம்மா எனக்குப் பல வருட வாடிக்கை. நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைப் பையோடு என்னிடம் கொடுத்துவிட்டு, மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு வருகிறேன், கட்டி வை என்று போனார். அது எப்போதும் நடப்பதுதான். அரக்கு அடுக்கிலிருந்து துணியை எடுத்துக் கத்தரித்துப் பையில் வைத்தேன். அதற்கு முந்தின நாள் யாரோ புரட்டிப் பார்த்த துணியை இடம் மாற்றி அங்கே சொருகியிருந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வசந்தம்மா வந்தார். பையைத் திறந்து புடவையையும் துணியையும் மேசைமேல் வைத்தார்.

"இன்னாம்மா சுமதி, அரக்குக்குப் பச்சைய வச்சிக் கட்டிக்கீற? வேற யாருதுனா மாறிப்போச்சா?"

நான் இரண்டையும் பார்த்தேன். "இல்லீங்களே, சரியாத்தானே இருக்கு" என்றேன்.

அவர் மேசையைச் சுற்றி உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் தெருவுக்கு அழைத்துப்போனார். நல்ல வெயில். ஒரு கையில் புடவையின் முந்தானை, மறு கையில் பாட்டில் பச்சை. எனக்கு இரண்டும் ஈரக் களிமண் நிறத்தில் இருந்தன. எது எது என்று அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா இப்பிடி?" என்றார். பஜார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். நோய், மாத்திரை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எதிர்ப்பக்கம் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொன்னார்.

பெரிய மருத்துவமனையில் கண் டாக்டர், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். முதல் அட்டையைத் தவிர மற்றதில் எனக்கு வெறும் புள்ளிகள்தான். எதாம்பியூட்டால் (காசநோய்க்கான கூட்டு மருந்தில் ஒன்று) சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும், முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும் என்றார்.

"தெரிஞ்ச உடனே ஏம்மா சொல்லல?"

"மாத்திரைய நிறுத்திடுவீங்கன்னு, டாக்டர்."

"அந்த ஒண்ணத்தான் நிறுத்துவோம். மத்த மருந்து இருக்கு. நோய்க்கும் பாக்கணும், கண்ணுக்கும் பாக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னு நீங்களா ஏன் முடிவு பண்ணீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதுவதே அந்த வெட்கத்தால்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் எழுத்து மங்கினாலோ, சிவப்பு வெளுத்தாலோ அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நான் வீணாக்கிய மாதம் உங்களுக்கு வேண்டாம்.

திரும்பி வருமா என்று பாவா கேட்டார். பெரும்பாலும் வரும், எவ்வளவு, எப்போது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எழுந்திருக்கும்போது நான் கேட்டேன்.

"கனவுல எனக்குக் கலர் கலராத்தான் வருது டாக்டர். அப்போ உள்ள இருக்குதானே?"

அவர் சிரிக்கவில்லை. "கனவு பாக்க கண்ணு வேணாம்மா, மூளை போதும். நீங்க இத்தனை வருஷம் பாத்த கலர் அங்க பத்திரமா இருக்கு. வெளிய இருந்து வர்ற கம்பிதான் பழுதாயிருக்கு."

அதன் பிறகு கூட்டு மாத்திரையை மாற்றி மற்ற மருந்துகளைத் தனியாகக் கொடுத்தார்கள், காலத்தையும் கொஞ்சம் நீட்டினார்கள். வசந்தம்மா தெருவில் நின்று தானே சரியான அரக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். கல்யாணம் நல்லபடி நடந்தது. துணி எடுத்த அன்றைக்கே, போகும்போது அந்த அரக்கில் ஒரு துண்டும் பச்சையில் ஒரு துண்டும் கத்தரித்து என்னிடம் கொடுத்தார். "தெனம் எழுந்ததும் ரெண்டையும் பாரு. வேற வேறயா தெரியற அன்னிக்கி எனக்குப் போன் போடணும், ஆங்?" குளியலறை ஜன்னல் கம்பியில் இரண்டையும் கட்டித் தொங்கவிட்டேன்.

வாரங்கள் போயின. கடைக்கு வருகிறவர்களிடம், கண் சரியில்லை, நீங்களே வெளியில் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று சொல்லப் பழகினேன். சிலர் வராமல் போனார்கள். மதியத் தூக்கத்துக்காகவே காலையைத் தள்ளினேன். அங்கே போனால் படிகள் இருந்தன, அரக்கு இருந்தது. உண்மையான பகல் அதுதான் என்று தோன்றிவிட்டது. கண் திறந்திருக்கும் நேரம் அதற்கான காத்திருப்பு போல இருந்தது.

பாவா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் தினம் வருகிறவர்களிடம், டிக்கெட் கொடுக்கும்போதே, கனவு கலரா கருப்பு வெள்ளையா என்று கேட்க ஆரம்பித்தார். சாயங்காலம் வந்து எனக்குச் சேதி சொல்வார். பவர்லூம் ஓட்டுகிற ஒருவர், "எனக்கு சத்தம்தாங்க வரும், தறி ஓடிக்கினே இருக்கும், கலரு கெடையாது" என்றாராம். ஒரு அம்மா, "செத்துப்போன எங்க நைனா வந்தாரு, வெள்ள வேட்டி கட்டிகினு. வெள்ள கலர்ல சேத்தியா?" என்று கேட்டாராம்.

"ஒருத்தருக்கும் சரியா தெரியல சுமதி. கேட்டப்புறம்தான் யோசிக்கிறாங்க" என்றார். மறுநாள் காலை எழுந்ததும், "நேத்து நீ வந்த. பொடவ இன்னா கலர்னு பாக்கறதுக்குள்ள முழிச்சிக்கினேன்" என்று வருத்தப்பட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மீது அன்றைக்கு வந்த அன்பு எனக்கே புதிது.

பிறகு ஒரு மதியம் கனவும் வெளுத்தது. அதே படிகள், அதே துணிகள், எல்லாம் சாம்பல். பெயர் சொல்ல வாய் வரவில்லை. அரக்கு இருந்த படியைத் தேடித்தேடி மேலும் கீழும் நடந்தேன். எழுந்து உட்கார்ந்தேன். பத்திரமாக இருக்கிறது என்றாரே டாக்டர், அதுவும் போய்விட்டதா? அடுத்த இரண்டு நாளும் அதே சாம்பல்தான். யாரிடமும் சொல்லவில்லை. பழைய புத்தி.

மூன்றாம் நாள் காலை குளியலறையில் குனிந்து பார்த்தேன். சிறுநீர் மஞ்சளாக இல்லை. ஆரஞ்சின் ஒரு சாயல், தண்ணீரில் கரைத்த குங்குமம் மாதிரி. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு துண்டில் ஒன்று மட்டும் சற்றே சூடாகத் தெரிந்தது.

வசந்தம்மாவுக்குப் போன் போட்டேன். "எது அரக்கு, சொல்லு பாப்போம்" என்றார். "எடது பக்கம் இருக்கறது" என்றேன். "அது எனக்கு எப்பிடிம்மா தெரியும் போன்ல" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே நான் அழுததை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிறம் வந்த வழியும் மெதுவானதுதான். இன்றும் வெங்காயத்தோலையும் வெளிர் ரோஸையும் என்னால் பிரிக்க முடியாது. கட்டி கரைந்தது. மருந்துக்காலம் முடிந்து சில நாளில், ஒரு காலை என் சிறுநீர் மீண்டும் வெளிர் மஞ்சளாக இருந்தது. கைகூப்பவில்லை, ஜன்னலைப் பார்த்தேன். அரக்கு அரக்காக இருந்தது, பச்சை பச்சையாக இருந்தது. அப்படியானால் இது நிஜமான வெளுப்பு. அதன் பிறகுதான் கைகூப்பினேன்.

கனவு மட்டும் இன்னும் என்னோடு வந்து சேரவில்லை. அது எப்போதும் சில மாதம் பின்தங்கி வருகிறது. நான் நோயில் கிடந்தபோது அதற்கு முந்தைய நிறங்களைக் காட்டியது, இப்போது நோயைக் காட்டுகிறது. அங்கே நான் இன்னும் மாத்திரை விழுங்குகிறேன், கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஒரே உடம்புக்குள் இரண்டு காலம் ஓடுகிறது.

நேற்று மதியமும் வந்தது. கடை முழுக்கச் சாம்பல். யாரோ ஒரு அம்மா இரண்டு துணியை நீட்டி, இதில் எது அரக்கு என்று கேட்டார். எனக்குப் பயம் வரவில்லை.

"இருங்கம்மா, வெளியில வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று சொல்லி, இரண்டையும் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். கண் விழித்துக்கொண்டது.