அழித்தால் பதிலுக்கு எது?

கிள்ளானிலிருந்து வரும் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் சந்திரகலா அக்கா அன்று முழுக்கப் பேசுவார். கிடைக்காவிட்டால் கணினியோடு மட்டும்தான். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வேலை செய்யும் கடை கோயில் திருவிழாக்களுக்கான சிறப்பு மலர்ப் புத்தகங்களை வடிவமைக்கிறது. ஆலய நிர்வாகங்கள் வோர்ட் ஃபைல் அனுப்பும். அதை எங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் இழுத்ததும் அக்காவின் வேலை தொடங்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளிய தலைப்புகள், வெற்று வரிகள், பத்திக்குப் பத்தி மாறும் எழுத்துகள். எல்லாவற்றையும் துடைப்பார்.

துடைக்கத் துடைக்க ஒரு பெயர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். 'பாலன் பத்தி.'

பாலன் அக்காவின் கணவர். இப்போது நான் உட்காரும் நாற்காலியில் இருந்தவர். எழுத்து வகை, அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஸ்டைலாக்கி, அதற்குத் தன் பெயரை வைத்து, கோயில்களுக்கு மாதிரி ஃபைல் கொடுத்திருந்தார். நம் ஆட்கள் புது ஃபைல் திறக்கமாட்டார்கள். போன வருஷத்து மலரைத் திறந்து அதன் மேலேயே இந்த வருஷத்தை எழுதுவார்கள். அதனால் இறந்த பிறகும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர் வருகிறார்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் விபத்து. அன்று காலை வேலைக்குப் புறப்பட்டவர், மறந்துவிட்ட பென்டிரைவை எடுக்க வீட்டுக்குத் திரும்பினார். "திரும்பி வந்தா தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்னு சொன்னேன். லேட் லான்னு போயிட்டாரு," என்று அக்கா ஒருமுறை சொன்னார். அதற்குமேல் சொன்னதில்லை.

போன வருஷம் கடைசி நேரத்தில் வந்த ஒரு திருத்தத்தில் அந்த ஸ்டைலை அக்கா அழிக்காமல் விட்டுவிட்டார். அதன் பழைய எழுத்துரு எங்கள் கணினிகளில் இருக்கிறது, அச்சகத்தில் இல்லை. ஆலயத் தலைவரின் உரை முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது. இந்த வருஷம் முதலாளி முகுந்தன் நேராக அக்காவின் மேசைக்கே வந்தார்.

"கலா, தலைவர் என்னைப் பாக்குறப்பெல்லாம், 'என்ன பாஸ், இந்த வருஷமும் குறுக்கெழுத்துப் போட்டியா?'ன்னு கேக்குறாரு. இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"ஆகாது பாஸ்."

அவர் போனதும் நான் மெல்லச் சொன்னேன். "அக்கா, நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரேன். ஃபைல் உள்ள வரும்போதே அந்த ஸ்டைலை அதுவே தூக்கிடும். நீங்க பார்க்கவே வேணாம்."

"பார்க்கவே வேணாமா?" அக்கா என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள லா நீ, தாமரை."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஷா ஆலம் கல்லூரியில் நான் கற்றதெல்லாம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் வழிகள். யாருக்காகச் சீக்கிரம் என்று அங்கே நான் கேட்டதில்லை.

அக்கா அந்த ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் வழக்கமான கேள்வி வந்தது: இதை அழித்தால் பதிலுக்கு எது? மௌஸ் மேலிருந்த விரல் வெகுநேரம் அசையவில்லை. பிறகு கடையின் புது ஸ்டைலைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். பக்கங்கள் ஒரு கணம் குலுங்கி அடங்கின. பெயர் போய்விட்டது. மாலையில் நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். நடுவே அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் தலைவரிடமிருந்து திருத்தம் வந்தது. ஒரே பக்கம். அக்கா அதை உள்ளே இழுத்தார். ஸ்டைல் வரிசையின் அடியில், மறுபடியும் 'பாலன் பத்தி.'

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அக்கா பதறவில்லை.

"என்னங்க, இப்ப என்னத்த மறந்தீங்க?" என்றார் திரையைப் பார்த்து, வீட்டில் பேசுவதுபோல.

எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து திரைக்கு முன்னால் வைத்தார். கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகுந்தன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை.

"போயிட்டு வாங்க," என்று சொல்லி அக்கா அழித்தார். இந்தமுறை கண்ணை மூடவில்லை. பக்கத்தைச் சரிபார்த்து அச்சகத்துக்கு அனுப்பினார்.

மாலைவரை அந்தத் தண்ணீரை யாரும் தொடவில்லை. நான்தான், காரணம் சொல்லத் தெரியாமல், என் நாற்காலியில் கொஞ்சம் இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.