கலங்கரை விளக்கத்தின் சமையலறை

தையல்கார அக்கா கேட்டது ஒரு சமையலறையை. நான் எழுதிக் கொடுத்தது ஒரு கலங்கரை விளக்கத்தை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை சொல்கிற சாக்கில் என் தப்பைப் பூசி மெழுகிவிடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

துறைமுகத் தெருவில் எங்கள் கடைகள் ஒட்டினாற்போல் இருந்தன. அவருடையது தையல் கடை. என்னுடையது மனு எழுதி அச்செடுத்து, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிற கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே அவர் தும்மினால் இங்கே நான் நலம் விசாரிப்பேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு என் சட்டைகள்தான் காரணம் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவரைக் கட்டிக்கொண்டவர் இரண்டாம் வருஷமே கப்பலேறிப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டார். அதைப் பற்றிப் பேச்சு வந்தால், “போனா போறான், விடு” என்று மெஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் அழுது நான் பார்த்தது அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான்.

அக்காவின் அப்பா கலங்கரை விளக்கத்தில் விளக்குக் காவலர். கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் அந்தப் பாறை. கோபுரத்தின் உச்சியில் விளக்கு, நடுவில் எண்ணெய்ப் பீப்பாய்கள், அடியில் படுக்க ஒரு வட்ட அறை. சமைக்க இடம் கிடையாது. கட்டினவர்களுக்கு, விளக்கு ஏற்றுகிறவனுக்கும் வயிறு இருக்கும் என்று தோன்றவில்லை போலும். கல்யாணமாகி மனைவியை அழைத்துப்போன அப்பா, மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி, மிஞ்சிய செங்கல்லும் தகரமும் வைத்து ஒரு சமையலறை எழுப்பினார். நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். அக்கா தவழ்ந்ததும் நடந்ததும் அதில்தான்.

அடுப்பு தரையில் இருந்தது. அம்மா உட்கார்ந்து சமைப்பார்; எழுந்திருக்கும்போது இடது கையைச் சுவரில் ஊன்றுவார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் ஊன்றி, சுவரில் எண்ணெயும் கரியும் ஏறி, கையகலத்துக்கு ஒரு கறுப்பு விழுந்திருந்தது.

அக்காவுக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கடல் கொந்தளிப்பாக இருந்த சமயம். அப்பா உதவி கேட்டுக் கொடி ஏற்றினார். கரையிலிருந்து பார்த்தார்கள், படகுதான் கிளம்ப முடியவில்லை. ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டார். மேலும் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் அப்பா அம்மாவைக் கடலுக்கே கொடுத்தார். ஆகவே கல்லறை கிடையாது. ஒரு போட்டோகூடக் கிடையாது. பூமியில் அம்மா மிச்சம் வைத்தது சுவரில் இருந்த அந்தக் கைதான். வருஷத்துக்கு ஒருமுறை மீன்காரர் யாருடைய படகிலாவது தொற்றிக்கொண்டு அக்கா போவார், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார்.

பிறகு பாறையில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, தானாக எரியும் விளக்கைப் பொருத்தினார்கள். பழைய கோபுரத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அன்றைக்கு அக்கா கையில் ஊசியோடே என் கடைக்கு ஓடி வந்தார்.

“தம்பி, ஒரு மனு எழுது. எங்கம்மா இருந்த எடம், இடிக்காதீங்கன்னு எழுது.”

நான் சிரித்தேன். “அக்கா, உங்கம்மாவுக்காக எந்த அதிகாரி பேனாவ எடுப்பான்? வரலாறுன்னு போடணும். அப்பத்தான் அசைவானுங்க.”

அப்படித்தான் அந்த வரியை எழுதினேன்: ‘தொன்மை வாய்ந்த இக்கலங்கரை விளக்கத்தை, கட்டப்பட்ட நாளில் இருந்த அதே தோற்றத்தில் மீட்டெடுத்துப் பாதுகாக்குமாறு வேண்டுகிறேன்.’ எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “பெரிய வார்த்தையா இருக்கே, புரியுமா அவங்களுக்கு?” என்றார். “அசந்துபோவானுங்க” என்றேன்.

பதினாலு வருஷம். தேதியை மட்டும் மாற்றி அதே மனு. எத்தனை அலுவலகம், எத்தனை நாற்காலி! கடைசியில், யாருமே எதிர்பார்க்காத ஒரு நாளில், சரி என்று பதில் வந்தது. அக்கா தெரு முழுக்க பிஸ்கட் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு முழு பாக்கெட்.

இரண்டு மாதம் கழித்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற துறையின் எஞ்சினியர் அக்காவை வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். மேஜையில் வரைபடம். கோபுரம் நீலக் கோட்டில் இருந்தது. மேற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரத்தைச் சிவப்பில் குறுக்கே அடித்திருந்தார்கள். பக்கத்தில் ‘பிற்காலச் சேர்க்கை, அகற்றவும்’ என்று எழுதியிருந்தது.

“இது எங்கம்மா சமையல் ரூம் சார்” என்றார் அக்கா.

எஞ்சினியர் நல்ல மனுஷன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “கட்டுன வருஷத்து வரைபடத்துல இந்த ரூம் இல்லம்மா. அது இருந்தா பழைய தோற்றம்னு ஒத்துக்க மாட்டாங்க, மொத்த வேலையும் நின்னுடும். அப்புறம் கோபுரத்தையே இடிச்சிடுவாங்க. நீங்களும் இதத்தானே கேட்டிருக்கீங்க?” என்று மனுவை எடுத்துக் காட்டினார். என் வரி. அடியில் அக்காவின் கையெழுத்து.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “ஆமா சார். நான்தான் கேட்டேன்” என்றார்.

திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். அன்றும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது. சமையலறையை விட்டுவிடும்படி ஒரு மனு எழுதி அனுப்பினேன், இந்த முறை அம்மாவைப் பற்றியே. ‘பரிசீலிக்க இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இடிக்கிற அன்று காலை இருவரும் பாறைக்குப் போனோம். கொத்தனாரிடம் அக்கா, அந்தக் கறுப்பு இருந்த இடத்தை மட்டும் பெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய உளியால் சுற்றிலும் பூப்போலச் செதுக்கினார். அரை மணி நேரம். உப்புக் காற்றில் ஊறிய பூச்சு, அது பெயரவில்லை, பொடிந்தது. அக்கா இரண்டு கையையும் ஏந்தி நின்றார். கையில் விழுந்தது வெறும் தூள். கொத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கம்மா” என்றார்.

கோபுரம் இப்போது வெள்ளை வெளேரென்று நிற்கிறது. திறப்பு விழாவில் அக்காவை மைக் முன்னால் நிறுத்தினார்கள். “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

போன வாரம் மத்தியானம் அக்கா என் கடைக்குள் வந்தார். கையில் அளவு நாடா. சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். இடது கையைச் சுவரில் ஊன்றி எழுந்தார். மறுபடி உட்கார்ந்து, கொஞ்சம் மேலே ஊன்றி எழுந்தார். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் மூன்று முறை ஆகிவிட்டது.

“ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன் தம்பி. அத மட்டும் எடுக்காம விட்டுட்டேன். நீதான் பார்த்தியே, எங்கம்மா கை இங்கயா இருந்துச்சு?”

நான் பார்த்தது அந்த ஒரே ஒரு காலை. அன்றும் பாதி நேரம் தலை குனிந்துகொண்டுதான் நின்றேன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

“அங்கதான்கா” என்றேன்.

அக்கா சுவரில் இருந்த தன் கையையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

“இல்லப்பா” என்றார். “இது என் உயரம்.”