மருமகளின் நட்சத்திரம்

மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் எங்களோடு இருக்கும் மருமகள் ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்த ஹசாரா இன முஸ்லிம் பெண். அவள் பிறந்த தேதி அவளுடைய தாய்க்கே சரியாகத் தெரியாது. போன வெள்ளிக்கிழமை தலைத்துணியோடேயே என்னை முருகன் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போனாள்.

அர்ச்சனைக்குப் போனபோது ஐயர் அவளைப் பார்த்து, "பிள்ளையின்ர பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். சுற்றி நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"அவ தெரிஞ்ச பிள்ளை ஐயா, சும்மா வந்தவ," என்றேன்.

திரும்பும்போது காரில் மன்னிப்புக் கேட்டேன். மகனிடம் பழகிய தமிழில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்லை மாமி. எங்கட பள்ளிவாசல்ல, இவர் மதம் மாறிட்டார் எண்டு நானும் பொய்தான் சொல்லி வச்சிருக்கிறன்."

அவள் தன் சனத்துக்குப் பயந்து சொன்னாள். நானோ முருகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வீட்டில் பிரசாதத்தைச் சாமியறைக்குள் வைக்கக் கை கூசியது.