மாப்பிள்ளை எந்தத் தெருவுக்கு விளையாடுவார்

என் கணவர் பந்து விளையாடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் கல்முனைக்குடியில் பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. ஆனால் கடற்கரை மைதானம் எங்கள் வளவுக்குக் கிட்டத்தான் இருந்தது. குசினியில் மீன் கழுவிக்கொண்டே எந்தத் தெரு கோல் போட்டது என்று சொல்லிவிடுவேன். அவர் கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிப்பவர். கோல் போடுகிறவனுக்குக் கைதட்டுவார்கள், மறிப்பவனுக்கு யார் தட்டுவது? சத்தம் எழும்பி வந்து சட்டென்று அடங்கினால் அது அவருடைய வேலை. அந்த அடங்கலைக் கேட்டுப் பெருமைப்பட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து குடியிருப்பார். வீடும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். இவர் ஒரு சூட்கேஸோடும் ஒரு சோடி பூட்ஸோடும் வந்தார். அவர் பிறந்த தெருவுக்கு ஒரு கழகம், எங்கள் தெருவுக்கு ஒரு கழகம். எங்கள் கழகத்தை நடத்தியவர் என் காக்கா, அதாவது என் மூத்த சகோதரர். கலியாண விருந்துகள் முடியுமுன்பே அவர் எங்கள் தெரு ஜேர்சியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டார். இந்த வீட்டில் இருக்கிறவர் இந்தத் தெருவுக்குத்தான் விளையாட வேண்டுமாம். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை, ஆனாலும் எல்லாரும் அதைச் சட்டமாகவே நினைத்தார்கள். இவரும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவருடைய தம்பி மட்டும் தாங்கள் பிறந்த, உம்மாவின் தெருவுக்கே விளையாடினார். நல்ல ஓட்டக்காரர், கோல் போடுகிறவர். அவர்கள் இரண்டே பேர்தான் பிள்ளைகள். வாப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தது இவர்தான் என்று அவர்களுடைய உம்மா, என் மாமி, சொல்லுவார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவிடம் நாங்கள் எப்போது தோற்றாலும் தேநீர்க்கடையில் ஒரே கதை. மாப்பிள்ளை உம்மாவின் தெருவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்பார்கள். இரத்தம் அந்தப் பக்கம்தானே இழுக்கும் என்பார்கள். இவர் அதை வீட்டில் சொல்ல மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். நான் கேட்டால், கறிக்கு உப்புக் கூட என்பார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு நோன்புப் பெருநாளை ஒட்டி நடந்த இறுதிப் போட்டியில் இரண்டு தெருவும் மோதின. பின்னேரம் அஸர் தொழுது எழும்பும்போது மைதானம் இரைந்தது. பிறகு அடங்கியது. நான் வழக்கம்போல் அவரை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அடங்கல் நீண்டுகொண்டே போனது. அதன்பிறகு அடிபிடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முச்சக்கர வண்டியில் அவரைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பந்தோடு வந்த தம்பியும் இவரும் மோதிக்கொண்டார்களாம். நடுவர் யாருக்கு விசில் ஊதினார் என்பதிலேயே இரண்டு கதை இருந்தது. எங்கள் தெருவில் ஒரே கதைதான்: சொந்தத் தம்பியே வேண்டுமென்று கூடப்பிறந்த காக்காவின் காலை முறித்துவிட்டான்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தம்பி எங்கள் வீட்டுக் கடப்படிக்கு வந்து நின்றார். கையில் ஒரு பை தோடம்பழம். என் காக்கா வாசலை மறித்துக்கொண்டார்.

"கால ஒடச்சிப்போட்டு பழம் கொண்டு வந்தியா? போ."

உள்ளே படுத்திருந்த இவருக்கு அது கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி வேண்டுமென்றா செய்தார் என்று அன்றும் கேட்டேன், பிறகும் பல தடவை கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் நானே மாமி வீட்டுக்குப் போய், வீடு என்னுடையது, யாரும் மறிக்க மாட்டார்கள், வாருங்கள் என்று தம்பியைக் கூப்பிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "மச்சி, என்ட காக்கா கூப்பிட்டா வாறன்." திரும்பி வந்து இவரிடம் சொன்னேன். இவர் கூப்பிடவில்லை. அடுத்த பெருநாளுக்கு முன் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார்.

கால் பொருந்தியது, ஆனால் முன்போல மடங்கவில்லை. அதன்பிறகு இரண்டு தெருவுக்கும் இவர் தேவைப்படவில்லை. சவளக்கடைப் பக்கத்துப் பொடியன்கள் சிலர் வந்து கோச்சாக வரச் சொல்லிக் கேட்டார்கள். வயல் வேலை செய்கிறவர்கள், தமிழரும் முஸ்லிம்களும் கலந்த அணி. வேளாண்மை வெட்டி முடிந்த வயல்தான் அவர்களுக்கு மைதானம். அடுத்த போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டால் விளையாட்டு முடிந்தது. தாள்கட்டை குத்திக் காலெல்லாம் கீறலோடு ஆடுவார்களாம். இவர் மோட்டார் சைக்கிளில் போய், ஓட முடியாமல் வரம்பில் நின்று கத்திவிட்டு வருவார். பந்து போன பிறகு எவனாவது காலைப் போட்டால் அன்றைய பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார் என்று அந்தப் பிள்ளைகள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். தம்பி செய்ததை வேறு யாரும் செய்யக்கூடாது என்று நினைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருமுறை அந்த அணியை எங்கள் ஊர்ப் போட்டிக்குக் கூட்டி வந்தார். இரண்டு தெருவும் ஒன்றாகச் சேர்ந்து "வயல் கோச்" என்று கூவிய சத்தம் குசினிவரை வந்தது. படுதோல்வி. வீட்டுக்கு வந்தவர் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. தம்பி லீவில் வந்திருந்தாராம், எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் நின்றாராம். இவர் மைதானத்தைச் சுற்றி அந்தக் காலை இழுத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் தம்பி போய்விட்டாராம். கூப்பிட்டிருக்கலாமே என்றேன். சனத்துக்கு நடுவிலா என்றார்.

போன வருடம் கட்டாரில் வேலை செய்த இடத்தில் வெயிலுக்குள் விழுந்து தம்பி மௌத்தானார். அங்கேயே அடக்கிவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. மாமி அன்றிலிருந்து யாரோடும் கதைப்பதில்லை.

சில மாதம் கழித்து, தம்பியோடு ஒரே அறையில் இருந்த ஒருவர் ஊருக்கு வந்த இடத்தில் எங்களையும் பார்க்க வந்தார். அக்கரைப்பற்று ஆள், மரியாதையான மனிதர். நான் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அவர்களுடைய கேம்பில் ஒரு நல்ல அணி இருந்ததாம், ஆனால் தம்பி பந்துப் பக்கமே போகவில்லையாம்.

"எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தம். காக்காட கால ஒடச்சவன் நான், இனிப் பந்தத் தொடமாட்டன் எண்டுதான் சொல்லுவார். அவருக்கே வெளங்கல்லயாம், எப்படி நடந்த எண்டு."

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். முன்பின் தெரியாத அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்:

"அவன் ஒடைக்கல்ல. பந்து போயிட்டு. அவன விழுத்தத்தான் நான் காலப் போட்ட. விழுத்தாம விட்டா, உம்மாட தெருவுக்கு விட்டுக்குடுத்தன் எண்டு சொல்லுவாங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்த எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். விருந்தாளி இருக்கிறார் என்றும் பார்க்காமல் நான் கதவை விட்டு முன்னுக்கு வந்தேன்.

"அப்ப, தம்பிய வித்துப்போட்டா என்ட ஊட்டுல இருந்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓம்" என்றார்.