பதினாலாம் அறைச் சோதனை

இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நாலாவது வரை படித்த எனக்குக் கதை கட்டத் தெரியாது. படித்தவன் எவனையும் நான் நம்புவதும் இல்லை.

1961, ஆடி மாதம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் நான் வாட்ச்மேன். தினமும் சாயங்காலம் மாடி அறைகளைச் சோதித்து சிகரெட்டைப் பிடுங்க வேண்டும். சோதனையை விட்டால் சீட்டைக் கிழித்துவிடுவதாக வார்டன் சொல்லியிருந்தார். அந்த வேலை போனால் எனக்குச் சோறு இல்லை.

பதினாலாம் அறையில் வெங்கடபதி என்று ஒருவன். மில்காரர் வீட்டுப் பையன். கல்லூரி திறந்ததிலிருந்து யாரோடும் பேச்சில்லை. வகுப்பும் இல்லை, சாப்பாடும் சரியாக இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊதிக்கொண்டே இருப்பான். கொழுப்பு என்றுதான் நினைத்தேன்.

"உங்கப்பன் மில்லுல வர்ற பொகை பத்தலையாடா?" என்பேன். பாக்கெட்டைப் பிடுங்கி நானே குடிப்பேன். அதையும் மறைக்கவில்லை.

வார்டனிடம் லீவு வாங்கிக்கொண்டு அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஐந்து நாள் கழித்துத் திரும்பினேன். பையன்கள் கீழே கும்பலாக நின்றார்கள். என்னைப் பார்த்து ஒருவனும் பேசவில்லை. என்றைக்குப் பேசினான்கள்?

மாடி ஏறினேன். மணி ஆறு நாற்பது.

பதினாலாம் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். தரையில் வாழை இலை. அதில் இரண்டு பன், ஒரு தம்ளர் தண்ணீர். ஓரத்தில் ஒரு சிகரெட், பற்றவைத்தபடி புகைந்துகொண்டிருந்தது.

துரைக்கு இலை வேறயா... சிகரெட்டை எடுத்து இழுத்தேன்.

புகை சில்லென்று இருந்தது.

கட்டிலில் வெங்கடபதி. சுவரைப் பார்த்தபடி.

"அது எனக்கு வெச்சதுங்க."

"வார்டன்கிட்டப் போய்ச் சொல்லுடா."

லொக்... லொக்... எனக்கு இருமல். கூடவே அவனும் இருமினான். நான் நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான்.

"உக்காருங்கண்ணா... போகாதீங்க."

குரல் கட்டிலிலிருந்து வரவில்லை. என் காதோரம்...

சிகரெட்டை வீசினேன். தரையில் கிடந்தபடி நெருப்பு ஒளிர்ந்தது... மங்கியது... ஒளிர்ந்தது...

யாரோ இழுக்கிறார்கள்.

ஓடினேன்.

கீழே சமையல்காரர் குமாரசாமி பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, எங்கிருந்து ஓடியாறீங்க?"

"பதினாலு... அந்தப் பையன்..."

"அவன் உசுரை மாய்ச்சுக்கிட்டு இன்னிக்கு மூணாம் நாளுங்க. புடிச்சதைப் படையல் வெச்சு, அவன் வந்து எடுத்துக்கட்டும்னு கதவைச் சாத்திப்போட்டுப் பசங்க கீழ நிக்கறாங்க. அதையா தொட்டீங்க?"

மறுநாள் வார்டன், பையன் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். இரண்டே வரி.

'என் அறைக்குத் தினமும் வந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அவர் வருவதை நிறுத்த வேண்டாம்.'

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பட்டினி கிடந்தேன். போகவில்லை.

என் இடத்துக்கு வந்தவன் மூன்றே நாள்தான் இருந்தான். கடைசிச் சாயங்காலம் பூட்டிய பதினாலாம் அறையைத் தட்டிப் பார்த்தானாம். உள்ளேயிருந்து யாரோ கேட்டார்களாம்:

"நீங்க வேற ஆளுங்க. அவரு எப்பங்க வருவாரு?"