தானாக வெடித்த துவக்கு

நாங்கள் வசிக்கும் வடநோர்வேச் சிற்றூரில், ஒருநாள் காலை ஏழு மணிப் பேருந்தில், நீண்ட துணி உறையொன்றைத் தோளில் மாட்டியபடி ஒருவர் ஏறி என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். உள்ளே இருப்பது வேட்டைத் துவக்கு என்பது உறையின் வடிவத்திலேயே தெரிந்தது. சாரதி அவருக்குக் காலை வணக்கம் சொன்னார். முன்னால் இருந்த பெண் தன் பிள்ளையின் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, மிச்சத் தூரத்தைப் பனியில் நடந்து வேலைக்குப் போனேன். நான் போர்க்காலக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். சோதனைச்சாவடியில் பாடசாலைப் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, அடையாள அட்டையோடு வெயிலில் நின்று பழகியவள். துவக்கு என்றால் அது மற்றவர்களுடைய பொருள். அதன் வாய் எங்கள் பக்கம்தான் இருக்கும். பக்கத்து இருக்கையில் அது அமைதியாகப் பயணம் செய்யும் என்பதை என் உடம்பு நம்ப மறுத்தது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் செப்டெம்பர் பிறந்தால் வேட்டைப் பேச்சுத்தான். பயத்தைத் தொலைக்க வேண்டுமென்றால் கற்றுக்கொள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்ல, வேட்டைக்காரர் பரீட்சைக்கான பயிற்சியில் சேர்ந்தேன். அங்கே அந்தப் பரீட்சையை யேகர்புரூவன் என்பார்கள். சொல்லித்தந்தவர் பேரித் என்ற ஓய்வுபெற்ற தபால்காரி. இரண்டாம் நாள் ஏதோ சந்தேகம் கேட்பதற்காக நான் அவர் பக்கம் திரும்பினேன். கையிலிருந்த துவக்கும் என்னோடு திரும்பி, பக்கத்தில் நின்றவரின் வயிற்றைக் கடந்து போனது. அதில் குண்டு இருக்கவில்லை. பேரித் அதை என் கையிலிருந்து வாங்கி, "இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ" என்றார். எனக்கு முகம் எரிந்தது. "நான் வெளிநாட்டுக்காரி என்பதாலா?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "இல்லை, உன் கை திரும்பியதால்" என்றார். அன்றிரவு கணவரிடம் அவரைத் தமிழில் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த வகுப்பில் பேரித் தன் கதையைச் சொன்னார். இளவயதில் மலைக்குடிலில் துவக்கைத் துடைக்கப் போய், தங்கையின் கட்டிலுக்கு ஒரு சாண் மேலே சுவரைத் துளைத்திருக்கிறார். இப்படி நினைக்காமல் நேரும் வெடிக்கு நோர்வீஜிய மொழியில் வோதஸ்குட் என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஆனால் அவர் அந்தச் சொல்லின் பின்னால் ஒளியவில்லை. "நான் சுட்டேன். உள்ளே பார்க்கவில்லை. விரல் விசையில் இருந்தது" என்றார். கதை முழுவதிலும் துவக்கு ஒருதடவைகூடத் தானாக எதையும் செய்யவில்லை. குண்டுகள் அடுக்கும் மகசீனைக் கழற்றினாலும் குழலின் அடியில் ஒரு குண்டு தங்கியிருக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். நோர்வேக்காரருக்கு ஆராத்தி எடுக்கிறேன் என்று எண்ணவேண்டாம். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று, செய்தவரின் பெயரில்லாமல் வரும் அலுவலகக் கடிதங்கள் அங்கேயும் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

இந்த வருடம் மூன்று கிழமை விடுமுறையில் தனியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் தம்பி ரமணனின் தொடர்மாடி வீட்டில் தங்கினேன். அவன் கட்டடச் சாமான் இறக்குமதி செய்கிறான். ஒருகொடவத்தையில் பெரிய களஞ்சியம் வைத்திருக்கிறான். அதை இருமுறை உடைத்துத் திருடியிருந்தார்கள். பாதுகாப்புக்கென்று விண்ணப்பித்து, அலைந்து, கைத்துப்பாக்கி ஒன்றுக்கு அனுமதி எடுத்திருந்தான். முதலாவது ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அதை அலுமாரியிலிருந்து எடுத்துவந்தான். மேசையில் நண்டுக்கறி, எதிரே அவன் மனைவி வதனி; பிள்ளைகள் ரியூசனுக்குப் போயிருந்தார்கள்.

"அக்கா, இதைப் பாருங்கோ. அந்த நேரம் பொக்கற்றில பற்றரி கொண்டுபோனாலே குண்டு செய்யத்தான் எண்டு பிடிப்பாங்கள் எண்டு பயந்தனாங்கள். இப்ப கவன்மேந்தே எனக்கு லைசன்ஸ் தந்திருக்கு."

அந்தப் பெருமிதம் எனக்கு விளங்கியது. பதினாறு வயதில் அவனைச் சுவரோடு நிற்கவைத்துச் சோதித்ததை நான் கண்டவள். அவன் மகசீனைக் கழற்றி நண்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். 'உள்ளே பார்' என்ற வார்த்தை என் நாக்கின் நுனிவரை வந்தது. வந்த நாளிலிருந்து குப்பை பிரிப்பதிலும் சீற் பெல்ற் போடுவதிலும் நான் நோர்வேச் சட்டம் படிப்பிக்கிறேன் என்று வதனி சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சிரிப்பு வாங்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன். "இப்ப பாருங்கோ, வெறும் இரும்பு" என்று சொல்லி, குசினிக் கதவுப் பக்கம் தாழ்த்திப் பிடித்து விசையை அமத்தினான். அந்தக் கதவால் செல்வி ரசச் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

செல்வி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பதினொரு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்பவள். குண்டு அவளுடைய வலது கெண்டைக்காலுக்குள்ளால் போனது. அவள் கத்தவில்லை. சட்டியை முதலில் நிலத்தில் வைத்தாள், பிறகுதான் தானும் தரையில் அமர்ந்தாள். ரசமும் இரத்தமும் வெள்ளைத் தரையோடுகளில் கலந்தன. நான் மேசைவிரிப்பை உருவி அவள் காலை இறுக்கிக் கட்டினேன். ரமணன் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான். மருதானையிலுள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போகும் காரில், செல்வியின் தலை என் மடியில் கிடக்க, முன்னிருக்கையில் கதை உருவாகத் தொடங்கியது.

"துவக்கு தவறுதலா வெடிச்சிட்டுது" என்றான் ரமணன்.

"நீ விசையை அமத்தினனி."

"மகசீனைக் கழட்டிப்போட்டுத்தானே அமத்தினனான். வேணுமெண்டே சுட்டனான்?"

பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் துவக்கு தானாக வெடித்தது. காலிமுகத்திடலுக்கு வந்தபோது அது அலுமாரியிலிருந்து விழுந்து வெடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வதனி செல்வியின் தலையைத் தடவி, "நீ அலுமாரி துடைக்கேக்க விழுந்தது எண்டு சொல்லு, பிள்ளை. நாங்கள் உன்னைக் கைவிடமாட்டம்" என்றாள். ஒரு வீட்டில் நாலு பேர் பார்த்திருக்க நடந்த செயல், வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் போவதற்குள் வேலைக்காரியின் கவனக்குறைவாக மாறியது. எங்கள் ஆட்களின் கெட்டித்தனத்தை நான் பலமுறை மெச்சியிருக்கிறேன். அன்று மெச்ச முடியவில்லை. வெடிக்காயம் என்றால் ஆஸ்பத்திரிப் பொலிஸ் விசாரிக்கும். செல்வி சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். நான் தலைசுற்றுகிறது என்று தள்ளி இருந்துகொண்டேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுத்த இரண்டு நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். கெட்ட காலம், பெரிசாக ஒன்றும் நடக்காமல் காலோடு போனது. யாருடைய காலோடு என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலில் அர்ச்சனை ரமணன் பெயருக்குச் செய்தார்கள். பொலிஸார் வீட்டில் இருந்தவர்களின் வாக்குமூலம் கேட்டு வரச்சொன்னபோது வதனி என் அறைக்கு வந்தாள்.

"மச்சாள், நீங்கள் போயிடுவியள். இவர் இங்க இருந்து வியாபாரம் செய்யவேணும். நீங்கள் அறைக்குள்ள இருந்தனீங்கள், ஒண்டும் காணேல்லை. அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பில் சிராய் பெயர்ந்திருப்பதாகத் தாதி சொன்னாள். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுவமா, செல்வி?"

"சொல்லிட்டேங்கம்மா. கையெழுத்தும் வச்சிட்டேன். நீங்க போயிருவீங்க. நான் இங்கதானே பொழைக்கணும்."

எழும்பப் போனேன். அப்போது அவள் திரும்பினாள்.

"பக்கத்து வீட்டம்மா பார்க்க வந்தாங்க. கவனமில்லாம கை வைக்கலாமா புள்ளன்னு கேட்டாங்க. பதினோரு வருசத்துல அந்த வீட்டுல ஒரு பீங்கான் ஒடச்சதில்லைங்கம்மா. நான் அலுமாரியத் தொடவே இல்ல. அத மட்டும் யாராவது சொன்னா போதும்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. மேசையிலிருந்த அதிகாரி மரியாதையாகத்தான், "வெடி பத்து உணா நேத, நோனா?" என்று கேட்டார். வெடி பற்றிக்கொண்டது, அப்படித்தானே என்று பொருள். இல்லை என்று தலையாட்டி, எனக்கு வந்த சொல்லைச் சொன்னேன். "மகே மல்லி வெடி திப்பா." என் தம்பி சுட்டான். அவர் பேனையை வைத்துவிட்டார். அந்தச் சொல் குறிபார்த்துச் சுடுவதற்கான சொல் என்பது அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வேண்டுமென்றா என்று கேட்டார். இல்லை, வேண்டுமென்றல்ல என்றேன். அப்படியானால் பத்து உணா என்று அவர் மறுபடி எழுதப் போனார். அதுவும் இல்லை என்றேன். எனக்கு வேண்டிய வசனம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. என் சிங்களத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. யோசித்தால் எங்கள் தமிழிலும் பெரிதாக இல்லை. கடைசியில் அவர் தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் ஒருவரை அழைத்தார்.

அவர் எழுத எழுதச் சொன்னேன். ரமணன் துவக்கை எடுத்தான். உள்ளே பார்க்கவில்லை. ஆள் நடமாடும் கதவுப் பக்கம் பிடித்தான். விரலால் விசையை அமத்தினான். செல்வி அலுமாரியைத் தொடவில்லை. நான் கண்டேன். மகசீன் இல்லாவிட்டாலும் குண்டு இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

"கடைசியில சொன்னதையும் எழுதணுமா?" என்று அவர் கேட்டார்.

"எழுதுங்கோ."

வீட்டுக்குத் திரும்பியபோது என் சூட்கேஸ் வாசலில் நின்றது. ரமணன் கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஆமிக்காரன் என்னைச் சுவரோட நிக்கவைச்ச நேரம் நீங்கள் எனக்காக அழுதனீங்கள், அக்கா. இப்ப நீங்களே பொலிசுக்குப் பிடிச்சுக் குடுத்திருக்கிறியள்" என்றான். நெஞ்சில் ஏறிய வார்த்தை அது. ஆனால் அன்று சுவரோடு நின்றவன் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இதை அவனுக்குச் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துவக்கைப் பொலிஸார் எடுத்துக்கொண்டார்கள். அனுமதியும் போகும் என்றார்கள். வழக்கு என்ன ஆகுமென்று தெரியாது. பொலிஸார் செல்வியிடம் மறுபடி கேட்டபோது அவள் முன்னர் சொன்னதை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். பயந்துபோய்ச் சொன்னேன் என்றிருக்கிறாள். ஊன்றுகோலோடு மஸ்கெலியாவுக்குப் போய்விட்டாள். எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள், சொந்தச் சகோதரனைக் காட்டிக்கொடுத்தவள் என்று கணவருக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்களில் இருந்துகொண்டு சட்டம் ஒழுங்கு என்று பெருமை பேசுகிறவர்களும் இவர்கள்தான்.

திரும்பும் தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியவில்லை. சூட்கேஸ் வாசலுக்கு வந்த அன்றே, அதே ஒழுங்கையில் எதிர்ப்பக்கமிருந்த சிறு ஹோட்டலில் அறை எடுத்தேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் கடவுச்சீட்டைப் பார்த்து, வெளிநாட்டவருக்கான படிவத்தை நீட்டி, இலங்கைக்கு முதல்தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் நிரப்பிக் கொடுத்தேன். அறை யன்னலால் தம்பி வீட்டுப் பல்கனி நேரே தெரிந்தது. மறுநாள் பின்னேரம் கடல் பக்கம் கறுத்து வந்தது. வதனி அவசரமாகப் பல்கனிக்கு வந்து, கொடியிலிருந்த தம்பியின் சாரங்களையும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளையும் எடுத்துத் தோளில் போட்டாள். கடைசியில் என்னுடைய பச்சைச் சுரிதார் ஒன்று மிச்சமிருந்தது; சூட்கேஸுக்குள் வைக்க மறந்துபோயிருக்கிறாள். அதற்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். கையை நீட்டினாள். பிறகு அதைத் தொடாமல் உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். மழை பெய்யத் தொடங்கியது. நான் யன்னலை மூடாமல், எதிர்வீட்டுக் கொடியில் என் உடுப்பு நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.